வீடு கேட்டுப் பதினொரு கடிதங்கள்

ஈரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த அடுத்த வருடம் நான் மகிஸ்டர் என்ற முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். பாடம் நவீன ஜேர்மன் வரலாறு. எசன் நகரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் பல்கலைக்கழகம் போய் வருவேன். என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் மருத்துவம், கணினி, வங்கி வேலைக்கான பயிற்சி என்று போனார்கள். நான் அறிய வரலாறு எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது அப்பாவிடம் விசாரிப்பார்கள்.

"மகள் இப்ப என்ன படிக்கிறா, அண்ணை?"

"யூனியில படிக்கிறா," என்பார் அப்பா. பாடத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். உடனே மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். எசனில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. இருவரும் முறை மாறி மாறி வேலைக்குப் போனதால் மூவரும் சேர்ந்து சாப்பிடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அப்படியொரு மதியச் சாப்பாட்டில் அப்பா கேட்டார்.

"ஜேர்மன்காரன்ர சரித்திரத்தை ஜேர்மன்காரனுக்கே சொல்லிக் குடுக்கப் போறியோ, பிள்ளை? அவனுக்குத் தெரியாததோ?"

"அவைக்கும் எல்லாம் தெரியாதப்பா," என்றேன்.

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

என் பேராசிரியர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. அவரும் வேறொரு விதத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டார். தலைப்பைப் பற்றிப் பேசப் போன முதல் நாள், இலங்கை அகதிகளைப் பற்றி எழுதலாமே, மொழியும் தெரியும், ஆட்களையும் தெரியும், அது பெரிய வசதி அல்லவா என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"ஜேர்மன் மொழியும் எனக்குத் தெரியும்," என்றேன். "ஜேர்மன் ஆட்களையும் தெரியும். பதினைந்து வருடமாக அவர்களோடுதான் இருக்கிறேன்."

சொன்ன பிறகுதான் குரல் சற்று உரத்துவிட்டது என்று உணர்ந்தேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்கள் சொல்வது சரி," என்றார். "உங்கள் ஜேர்மன் சக மாணவரிடம் அப்படி நான் கேட்டிருக்க மாட்டேன்."

பிறகு ஒரு தாளில் பக்கத்து நகரம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தைக் குறித்துத் தந்தார். போருக்குப் பிந்தைய வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் பெட்டிகள் அங்கே கிடக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றார். அந்த நகரத்தின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில் அப்படிப்பட்ட நகரங்கள் பல உண்டு.

போர் முடிந்தபோது கிழக்கே இருந்த ஜேர்மன் நிலங்கள் கைமாறின. அங்கிருந்து துரத்தப்பட்ட மக்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே வந்தார்கள். குண்டு வீச்சில் இடிந்து கிடந்த ரூர் நகரங்களில் உள்ளூர்க்காரருக்கே வீடு இல்லை. வந்தவர்களைப் பலகைக் கொட்டில்களில் இருத்தினார்கள். தார்த்தாள் வேய்ந்த கூரை, குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய். சில மாதங்களுக்கு என்று கட்டிய கொட்டில்களில் பலர் பல வருடங்கள் இருந்தார்கள். அவர்கள் வீடு கேட்டு எழுதிய கடிதங்களே அந்தப் பெட்டிகளில் இருந்தன.

காப்பகத்தின் பொறுப்பாளர் கம்பளி மேற்சட்டை அணிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். முதல் பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாணவர்கள் வருவார்கள், கையெழுத்தைப் பார்த்ததும் போய்விடுவார்கள் என்று எச்சரித்தார்.

அவர் சொன்னது உண்மைதான். கடிதங்கள் பழைய ஜேர்மன் எழுத்தில் இருந்தன. இன்றைய எழுத்துக்கும் அதற்கும் உறவு இருப்பதாகவே தெரியாது. கூரான கோடுகள் ஏறி இறங்கும். நாலைந்து எழுத்துகள் ஒன்றுபோலவே இருக்கும். போர்க்காலத்திலேயே பள்ளிகளில் அதைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அறுபது வயது ஜேர்மன்காரர்கூடத் தன் தாயின் கடிதத்தை வாசிக்க முடியாமல் இருப்பார்.

காப்பகத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். உடனிருந்த ஜேர்மன் மாணவர்கள் சொல்லின் முற்பாதியைப் பார்த்ததும் பிற்பாதியை ஊகித்தார்கள். ஊகம் அடிக்கடி பிழைத்தது. நான் ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, தமிழ் எழுத்துக்கு மேல் இன்னோர் எழுத்தை அடியிலிருந்து கற்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு கோடாகப் பிரித்து, தெரியாததைத் தெரியாது என்று விட்டு, மறுபடி வந்து பார்ப்பேன். வகுப்பின் கடைசி நாளில் கறை படிந்த ஒரு கடிதத்தை எல்லோர் முன்னும் தடங்கலின்றி வாசித்தேன். பொறுப்பாளர் தலையை மட்டும் அசைத்தார். அடுத்த நாளிலிருந்து நான் கேட்காமலே பெட்டிகள் என் மேசையில் இருக்கும்.

மூன்றாவது பெட்டியில் ஒரு பெண்ணின் கடிதங்கள் கிடைத்தன. கிழக்கே இருந்த சிலேசியாவிலிருந்து கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தவர். கணவனுக்குச் சுரங்கத்தில் வேலை. கடிதங்கள் எல்லாம் மனைவியின் கையெழுத்து, மனைவியின் ஒப்பம். மொத்தம் பதினொன்று.

முதல் கடிதம் நெற்றி தரையில் படுகிற மாதிரிப் பணிவானது. மூன்றாவதில் கூரை ஒழுகுவதை எழுதுகிறார். தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் சின்ன மகளைத் துத்தநாகக் குளியல் தொட்டியில் போர்வை விரித்து, தொட்டியை மேசைமேல் தூக்கி வைத்துப் படுக்க வைக்கிறேன் என்கிறார். சனிக்கிழமைகளில் எல்லோரும் குளிப்பதும் அதே தொட்டியில்தான் என்று சேர்த்திருந்தார். ஏழாவது கடிதத்தில் பணிவு கரைந்துவிட்டது. பார்வையிட வந்த உங்கள் அலுவலர் என் அறையில் தொப்பியைக் கழற்றவில்லை, ஆனால் தலையில் தண்ணீர் சொட்டியதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதுகிறார். வாசிப்பறையில் சத்தம் போடக் கூடாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் அலுவலகத்தின் பதில் நகல் இருந்தது. ஒரே வசனம்தான். அந்த ஞாயிறு வீட்டில் கடிதங்களின் கதையோடு அதையும் தமிழில் சொன்னேன்: தங்கள் விண்ணப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. அப்பா கையில் சோற்றோடு அப்படியே நிறுத்திவிட்டார்.

"உப்பிடித்தான் கச்சேரியில நாங்களும் எழுதுவம்," என்றார். பிறகு சிரித்தார். பிறகு, "அந்த மனுசிக்குக் கடைசியில வீடு குடுத்தவங்களோ?" என்று கேட்டார்.

என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

"குடுத்தவங்கள் அப்பா. பதினோராவது கடிதத்துக்குப் பிறகு. ரெண்டு அறையும் குசினியும்."

"எழுதி எழுதியே எடுத்துப்போட்டா," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார், ஏதோ எங்கள் சொந்தக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

எங்களுக்கும் அப்படியொரு காலம் இருந்தது. அகதிகள் விடுதியில் ஒரே அறையில் அலுமாரியை நடுவே வைத்து மறைத்து மூன்று வருடம் இருந்தோம். பன்னிரண்டு வயதில் அப்பாவுக்காக வீட்டு விண்ணப்பத்தை ஜேர்மனில் நிரப்பியவள் நான்தான். அலுவலகத்துக்கு எழுதும்போது எந்தச் சொல்லில் குனிய வேண்டும், எந்தச் சொல்லில் நிமிரலாம் என்று அப்போதே பழகிவிட்டேன். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அந்த அனுபவம் என்னையறியாமல் புகுந்துவிட்டது. பேராசிரியர் இரண்டு பக்கங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"இது உங்கள் கோபம்," என்றார். "அந்தப் பெண்ணின் கோபம் வேறு. அதைக் கடிதத்திலிருந்து காட்டுங்கள்."

வலித்தது. ஆனால் திரும்ப வாசித்தபோது அவர் சொன்னது புரிந்தது. இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை அந்தப் பெண் தன் குரலிலேயே பேசினார். அந்த அத்தியாயம்தான் நன்றாக வந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் காப்பகப் பொறுப்பாளர் ஒரு யோசனை சொன்னார். அந்தக் கொட்டில்கள் இருந்த பகுதியின் பங்குக் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோப்பியும் கேக்கும் கொடுத்து ஊர் வரலாறு பேசுவார்களாம். அங்கே வந்து பேச முடியுமா என்று கேட்டார். சம்மதித்தேன். பெயர்கள் எதையும் சொல்லக் கூடாது என்பது காப்பக விதி. அதனால் கடிதம் எழுதியவரை 'நான்கு பேர் குடும்பத்தின் தாய்' என்று மட்டும் குறிப்பிட முடிவு செய்தேன்.

அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் அழைக்கவில்லை. அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டை அணிந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் ஜேர்மன்காரர், எழுபது வயதுக்கு முன்னும் பின்னும். நான் மேடையில் ஏறியதும் சிலர் நிகழ்ச்சித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கால் மணி நேரம் பேசியிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கையை உயர்த்தினார்.

"நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள்," என்றார். "ஆனால் அது வேறு காலம். நாங்கள் ஜேர்மனியர்கள், ஜேர்மனிக்குள்ளே வந்தோம். எங்களை யாரும் அந்நியராக நடத்தவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்காது."

அம்மா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடிப்பதைக் கண்டேன். ஐந்தாவது கடிதத்தின் பிரதியை எடுத்தேன். அதை முழுவதுமாக வாசித்தேன். தண்ணீர்க் குழாயடியில் உள்ளூர்ப் பெண்கள் தன் பிள்ளைகளைப் போலாக்கு என்று ஏசுவதாகவும், வரிசையில் கடைசிக்குத் தள்ளுவதாகவும் அந்தத் தாய் எழுதியிருந்தார். போலந்துக்காரரை இழிவாகச் சொல்லும் சொல் அது. நானும் ஞானஸ்நானம் பெற்ற ஜேர்மன்காரிதான், குழாய்க்கு அது தெரியும், பெண்களுக்குத்தான் தெரியவில்லை என்று கடிதம் முடிந்தது.

யாரோ சிரித்தார்கள். முதியவர் சிரிக்கவில்லை. கையைப் பார்த்தபடி, "அந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்," என்றார். "மறந்துவிட வேண்டும் என்று மறந்தேன்."

நான் தொடர்ந்தேன். மேசைமேல் வைத்த தொட்டியில் மகளைப் படுக்க வைத்த கடிதத்துக்கு வந்தபோது, சன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றார். அறுபது வயதிருக்கும், நரைத்த குட்டைத் தலைமுடி. நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"அந்தத் தொட்டியில் படுத்தது நான்," என்றார். "ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கும். என் முழங்கை அங்கேதான் இருக்கும்."

கடிதத்தில் நெளிவைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் மேசைமேல் தொட்டியில் ஒரு குழந்தை என்பது வேறெந்தக் கோப்பிலும் நான் காணாதது. பேச்சு முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அதை எழுதியது அம்மாவேதானா? அப்பா இல்லையா?"

காப்பக விதியை நினைத்தேன். காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள், மகள் என்பதால் அனுமதி கிடைக்கும், நான் வந்து வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பின்னால் அப்பா நின்றார். தன்னை அறிமுகப்படுத்த யாருக்கும் காத்திருக்காமல், தொழிற்சாலையில் பழகிய ஜேர்மனில், "நான் இவளின் அப்பா," என்றார்.

மூன்று கிழமை கழித்து ஒரு புதன்கிழமை காலையில் தொட்டியில் படுத்த அந்த மகள் காப்பகத்துக்கு வந்தார். பொறுப்பாளர் வாசிப்பறைக்குப் பக்கத்துச் சிறிய அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். அந்தப் பெண்மணி முதல் கடிதத்தைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"அம்மாவின் எழுத்து என்று தெரிகிறது," என்றார். "ஒரு சொல்கூட வாசிக்க முடியவில்லை. வாசியுங்கள்."

ஒன்றிலிருந்து பதினொன்றுவரை வாசித்தேன். அவசரப்படவில்லை. அந்த வீடு அப்பாவின் சுரங்க வேலையால் கிடைத்தது என்றே அவர்கள் வீட்டில் சொல்லி வந்தார்களாம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அப்பா அந்தக் கதையைச் சொல்வாராம். அம்மா பக்கத்தில் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பாராம்.

"உணவகத்தில் சூப் ஆறிப்போய் வந்தால்கூடத் திருப்பி அனுப்பமாட்டாள் என் அம்மா," என்றார். "பயந்த பெண் என்றுதான் நினைத்தேன். சாகும்வரை அப்படித்தான் நினைத்தேன்."

தொப்பிக் கடிதத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டாவது முறை அவர் வாய்விட்டுச் சிரித்தார், கன்னம் ஈரமாக இருந்தது. ஒரு ஜேர்மன் தாயை அவருடைய ஜேர்மன் மகளுக்கு வாசித்துக் கொடுத்தது நான். அந்தப் பெருமிதம் நெஞ்சில் ஏறியதை அன்று அடக்கிக்கொண்டேன். இங்கே அடக்கத் தேவையில்லை.

போகும்போது அவர் ஒன்று கேட்டார். ஆய்வேட்டில் 'நான்கு பேர் குடும்பத்தின் தாய்' என்று போட வேண்டாம். அம்மாவின் பெயரைப் போட வேண்டும்.

பேராசிரியரிடம் கேட்டேன். வாரிசுகள் எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால் போடலாம் என்றார். அந்தப் பெண்மணியின் அண்ணன் ஒருவர் கொலோனில் இருந்தார். அவர் முதலில் மறுத்தார். அப்பா சொன்னது பொய் என்று அச்சில் வரவேண்டுமா என்று தொலைபேசியில் என்னிடமே கேட்டார். பொய் என்று எங்கும் எழுதவில்லை, கடிதங்கள் இருக்கின்றன என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். பதினொரு கடிதங்களையும் இன்றைய எழுத்தில் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. விதியை மீற முடியாது. பெயரில்லாமலே ஆய்வேட்டை முடிக்கத் தயாரானேன். பிறகு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கையொப்பமிட்ட சம்மதப் படிவம். அதோடு சிறு குறிப்பு. தங்கை தொட்டியில் படுத்தபோது தான் அதே மேசையின் கீழே படுத்ததாகவும், தரையில் கூரைத் தண்ணீர் படாத ஒரே இடம் அதுதான் என்று அம்மா அந்த இடத்தைத் தனக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். அம்மா எங்கே படுத்தாள் என்பது எனக்கு நினைவில்லை என்று முடித்திருந்தார். கடிதங்களில் இல்லாத செய்தி அது. அவருடைய அனுமதியோடு அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.

இந்த நினைவுக் குறிப்பில் நான் எவர் பெயரையும் எழுதவில்லை. ஆய்வேட்டில் அந்தத் தாயின் பெயர், கலியாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு, முழுமையாக இருக்கிறது.

வாய்மொழித் தேர்வு பெப்ரவரியில் நடந்தது. இரண்டு தேர்வாளர்கள், ஒரு மணி நேரம். இரண்டாவது தேர்வாளர் கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர். பழைய எழுத்திலிருந்து நான் பெயர்த்தவற்றில் ஐந்து இடங்களைத் தானே மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பிழை தேடினேன், கிடைக்கவில்லை என்றார். என்னை வெளியே அனுப்பிப் பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார்கள். மிக நன்று. அதற்கு மேல் புள்ளி இல்லை.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் வழக்கம்போல யாரோ என்னைப் பற்றி விசாரித்தார்கள். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"ஜேர்மன் சரித்திரம்," என்றார் அப்பா. "நவீன ஜேர்மன் சரித்திரம். இந்த நாட்டுச் சனத்துக்கே வாசிக்க ஏலாத எழுத்தை வாசிக்கிறா." பிறகு மழையைப் பற்றிப் பேசவே இல்லை. தொப்பிக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். கச்சேரிக்காரர் அல்லவா, அலுவலகத்தின் பதிலை என்னைவிட நன்றாகச் சொன்னார்.

சில நாள் கழித்துப் பேராசிரியர் கூப்பிட்டார். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் இருக்கிறது, அரைநேர வேலையோடு, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இருபத்தைந்து வயதில் வீட்டில் கேட்பதா என்று அவர் வியந்திருக்கலாம்.

அம்மா வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உதில கேக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறதுதானே."

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் "ஓம்," என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு ஜேர்மனிலும் சொன்னேன்.